பங்குனி மாப்பிள்ளைகள்

மாப்ளே, நீ வாங்குன சாமானையெல்லாம் உங்க ஆத்தா போன்ல வரிசையா வாசிச்சா. பைனாகுலர் ஒண்ணு, ஒரு முழ நீளத்துக்குக் கேமரா லென்சு, இலைதழை அச்சடிச்ச சட்டை, அதுக்குத் தோதா ஒரு தொப்பி. லென்சு விலையைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரல. அந்தக் காசுக்கு ஒரு சோடி உழவுமாடு பிடிச்சு, மிச்சத்துல வண்டியும் வாங்கிப்புடலாம். நல்லது, தாய்மாமன் சீர் செய்யலைங்கிற குறையை நீயே தீத்துக்கிட்டே. ஆனா ஒரு சாமான் விட்டுப்போச்சு: விடியக்காலம் நாலரை மணிக்கு எந்திரிக்கிற பழக்கம். அதை மதுரையில எந்தக் கடையில விக்கிறாகன்னு தெரிஞ்சா ரெண்டா வாங்கு. ஒண்ணு என் மகனுக்கு ஆகும்.

பறவை பாக்குறதுன்னா உங்களுக்கெல்லாம் மார்கழியும் தையுந்தான். குளிரா இருக்கும், லீவும் இருக்கும். 2015-லேருந்து பொங்கலுக்குன்னே தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குதாம்ல? 15 நிமிசம் ஒரு இடத்துல உக்காந்து, கண்ணுல பட்டதை எழுதிப் போட்டாப் போதுமாம். நல்ல காரியந்தான், நான் குத்தம் சொல்லல. தை போயி மாசி பொறந்ததும் ‘வெயில் வந்துருச்சு மாமா, சீசன் முடிஞ்சுச்சு’ன்னு லென்சைப் பெட்டிக்குள்ள பூட்டுறே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. கறிச்சோத்துப் பந்திக்கு இலை போடுற நேரத்துல மொய்யை எழுதிட்டு வீட்டுக்குக் கெளம்புனவன் நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தன்தான்.

ஐப்பசியில வலசை வந்து எறங்குறவுகளைப் பாத்திருக்கியா? சைபீரியாவுலேருந்தும் கசகஸ்தான்லேருந்தும் வந்த அலுப்பு. சாயம் போயி, எது ஆணு எது பொண்ணுன்னு தெரியாம மங்கலாத் திரிவாக. அதே ஆளைப் பங்குனியில பாரு. மஞ்சள் வாலாட்டிக்கு வயிறெல்லாம் மஞ்சளைப் பூசிவிட்ட நிறம் வந்துரும். நீலச்சிறகி வாத்துல ஆணுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளைப் பட்டை பளிச்சுன்னு விழுந்துரும். சேத்துக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டுக் கெடக்குற நெட்டைக்கால் உள்ளானுக்குப் புஸ்தகத்துல கருவால் மூக்கன்னு பேராம். நமக்கு எல்லாம் உள்ளான்தான். அதுக்குக் கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். பொண்ணு வீட்டுக்குக் கெளம்புற மாப்பிள்ளை கணக்கா ஆளாளுக்குச் சோடிச்சுக்கிட்டு நிப்பாக. ஊர் போய்ச் சேந்த கையோட அங்க முகூர்த்தம், அதுக்குத்தான் இம்புட்டு அலங்காரமும். நீ அழுக்குத் துணியோட இருந்தவுகளைப் படம் பிடிச்சுட்டு, பட்டு உடுத்தையில கண்ணை மூடிக்கிறே.

அப்பறம் சாப்பாடு. பங்குனியில கண்மாய்த் தண்ணி வத்த வத்தச் சேறு வெளிய தெரியும், சேத்துல புழுப்பூச்சி நெளியும், மிச்சக் குட்டையில மீன்குஞ்சு ஒண்ணுமேல ஒண்ணு மொய்க்கும். மூணு மாசம் நெஞ்சளவுத் தண்ணிக்கடியில கெடந்த இரை அப்பத்தான் எட்டும். வழியில அடுப்பு மூட்ட முடியாதே, கட்டுச்சோத்தை ஒடம்புலயே கொழுப்பாக் கட்டிக்கணும். சில கரைப்பறவைக கெளம்புறதுக்கு முன்னாடி தன் எடையில பாதிக்குக் கொழுப்பு ஏத்திக்குமாம். இந்த மூக்கன் சாதியில பட்டைவால் மூக்கன்னு ஒரு பங்காளி இருக்கு. 2022-ல அதுல ஒண்ணு, பொறந்து அஞ்சே மாசம், அலாஸ்காவுலேருந்து டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டரை 11 நாள்ல, எங்கயும் எறங்காமப் பறந்திருக்கு. முதுகுல கருவி கட்டிவிட்டு அளந்திருக்காக. நீ மாட்டுத்தாவணியில பஸ் ஏறி மேலூர் வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு டீ, ஒரு வடை.

இப்பச் சொல்லு, அப்படிக் கொழுப்புச் சேக்குற நேரத்துல ‘பறக்குற படம் வேணும்’னு உன் கூட்டாளி கரையிலேருந்து கல்லெறியுறானே, அவன் கெடுக்குறது ஒரு படத்தையா, ஒரு பயணத்தையா? இன்னொருத்தன் போன்ல பறவைச் சத்தத்தைப் போட்டுப் போட்டுக் காட்டுறான். பாவம், அது எதிராளி வந்துட்டான்னு நெனச்சுத் திங்குறதை விட்டுட்டுச் சண்டைக்கு ஆளைத் தேடுது. உன்னை இலையில உக்கார வச்சுட்டு, வாசல்ல யாரோ உன் பேரைச் சொல்லி வையுறான்னு மூணு தரம் எழுப்பிவிட்டா எப்படி இருக்கும்? விருந்தாளிக்குச் செய்யுற மரியாதையா இது?

சோளக்குருவியைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. ரோசாப்பூ நிற ஒடம்பு, கருப்புத் தலை, கருப்பு ரெக்கை. சாயங்காலமாக் கூட்டங்கூட்டமா வானத்துல சுருண்டு விரிஞ்சு ஆடுமே, அதைப் பாக்க இன்னிக்குக் காரு போட்டு வாரீக. அந்தக் காலத்துல அதுக வந்தா நாங்க பரண்மேல ஏறித் தகரத்தைத் தட்டித் தொண்டை கிழியக் கத்துவோம். கதிருல எறங்குனா அந்தத் தட்டைக்கு மாடுதான் வாரிசு. ஆனா அதுக ஊர்ல நடக்குற கதையே வேற. அங்க குஞ்சு பொரிக்கிறது வெட்டுக்கிளி பெருகுற காலத்துல. வெட்டுக்கிளியை வாரித் திங்குதுன்னு சீனாவுல சிஞ்சியாங் பக்கம் அதுகளுக்குக் கல்லை அடுக்கிக் கூடுவைக்க எடங் கட்டிக் குடுத்திருக்காக. அப்ப நான் கவண்ல வெரட்டுனது ஒரு வெளிநாட்டு விவசாய இலாகாவை! பங்குனியில நெல்லு சோளம் இல்லாட்டிப் போகுது, இலவம்பூவுலயும் கல்யாண முருங்கைப் பூவுலயும் தேன் குடிச்சு மூஞ்சியெல்லாம் மகரந்தம் அப்பிக்கிட்டுத் திரியும். சித்திரை பாதியில ஒண்ணக்கூடக் காணமுடியாது. அழகர் மலையை விட்டு ஆத்துக்கு எறங்குற நேரத்துக்கு, இவுக வடக்க மலைதாண்டிப் போயிருப்பாக.

வெயிலுக்குப் பயந்தா வெளிய வராதே, வீட்டுக் கொல்லையிலயே உக்காரு. வேலிச் செடிக்குள்ள ‘டக்... டக்...’குன்னு ஒரு சத்தம் மாசக்கணக்கா கேக்கும். எட்டிப் பாத்தா ஒரு தவிட்டு நிறப் பொடிசு, பட்டையும் இல்ல பொட்டும் இல்ல. பிளித் நாணல் கதிர்க்குருவின்னு பேராம். ஆளைவிடப் பேரு பெருசு. அழகில்லைன்னு நீ அதைப் படமே எடுக்கல. அது ரஷ்யா, பின்லாந்து வரைக்கும் போய் முட்டையிடுற ஆளு. உன்கிட்டப் பாஸ்போர்ட்டாவது இருக்கா?

ஆறுமணிக்குருவியும் கொல்லைக்கு வரும். பச்சை, நீலம், செவப்புன்னு கெடைச்ச நிறத்தையெல்லாம் பூசிக்கிட்டு, காலையில ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம் விசில் குடுக்கும். ராத்திரிப் பயணக்காரக, இருட்டுல பறந்து பகல்ல எறங்குவாக. எறங்குனா மரத்தடியில சருகைப் பெரட்டிப் புழு தேடணும். உங்க வீட்டுல சருகு ஏது? கொல்லை பூராம் டைல்ஸு. அதுலயும் தெனம் லோசன் போட்டுத் தொடைக்கிறா உங்க ஆத்தா. ஒரு மூலையிலயாவது வேப்பஞ்சருகைக் கூட்டாம விடுங்க, பக்கத்துல ஒரு மண்சட்டியில தண்ணி வைங்க. லென்சு விலையில லட்சத்துல ஒரு பங்கு ஆகாது.

பச்சைச் சட்டை போட்டாத்தான் பறவை கிட்ட வரும்னு சொன்னியாமே. சத்திமுத்தப் புலவர் மேல சட்டையே இல்லாமப் பாத்தாரு. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரு, பொழப்புத் தேடி மதுரைக்கு வந்து, வாடைக்காத்துல கையைக் கட்டிக்கிட்டு நடுங்கிக் கெடந்தாரு. மேல ஒரு செங்கால் நாரை சோடியாப் போகுது. அந்த நெலமையிலயும் காலு என்ன நிறம், அலகு என்ன வடிவம்னு கணக்காச் சொல்லிப்புட்டாரு. தெக்க குமரிக்குப் போறவுக திரும்பி வடக்க போவாகன்னும் தெரிஞ்சு வச்சிருந்தாரு. போற வழியில எங்க ஊர்க் குளத்துல எறங்கி, எம் பொண்டாட்டிகிட்டச் சேதி சொல்லுன்னு கேட்டாரு. குளத்துல எறங்குன்னுதான் சொன்னாருங்கறதைக் கவனிச்சியா? பறவை எறங்கணும்னா தண்ணி வேணும்னு குளிர்ல நடுங்குனவருக்குத் தெரிஞ்சிருக்கு.

நம்மாளுக தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம்னு பேரைப் பத்திரமா வச்சிருக்காக. பேருல மட்டும் ஈரம். அங்க போயி நாரைக்கு வழி சொல்லு பாப்போம், மூணாவது மாடியில எறங்கச் சொல்லணும்.

சரி, முக்கியமான வெசயத்துக்கு வாரேன். உன் லிஸ்ட்டுல பேரு எறநூத்தைத் தாண்டிருச்சாம். காலையில சாமநத்தம், மத்தியானம் அரிட்டாபட்டி, சாயங்காலம் வேட்டங்குடி. ஒரே நாள்ல மூணு ஊரு, எங்கயும் குண்டி தரையில படல. வேட்டங்குடியில, கொள்ளுக்குடிப்பட்டிக்காரக பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுறதில்லைன்னு எத்தனையோ வருசமா இருக்காக. அங்க போயி நீ கார்க் கதவைப் படார்னு சாத்துனதா கேள்வி. அந்த லிஸ்ட்டு உன் பேருல இருக்கு மாப்ளே. நாளைக்கு நீ அமெரிக்கா போனா அதுவும் உன்னோட போயிரும். இங்க இருக்குற கண்மாய்க்கு என்ன மிச்சம்?

அரிட்டாபட்டியைப் பாரு. 2022 நவம்பர்ல அந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேத்து 193 எக்டேருக்கு மேற்பட்ட எடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு, தமிழ்நாட்டுலயே அதுதான் மொதல். அறிவிச்சப்பச் சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், ஏரி, ஊத்துன்னு எல்லாத்தையும் சொன்னாக. கூடவே லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளின்னு ஏறக்குறைய 250 பறவையையும் சொன்னாக. அது தானா வந்த கணக்கா? பாறையில ஏறி எறங்கி, பொறுமையா எழுதி வச்ச புண்ணியவாளனுக இருந்தாக. 2024 நவம்பர்ல அந்த வட்டாரத்துல டங்ஸ்டன் தோண்ட ஏலம் முடிஞ்சிருச்சுன்னு சேதி வந்துச்சு. ஊர் ஊரா சனம் எந்திரிச்சுச்சு, டிசம்பர்ல சட்டசபையில தீர்மானம் போட்டாக, ஜனவரியில மேலூர்ப் பக்கத்துச் சனம் மதுரைக்கு நடந்துச்சு. 2025 ஜனவரி 23-ல ஏலத்தை ரத்துப் பண்ணிட்டதா டெல்லியில சொன்னாக. அதுக்குச் சொன்ன காரணத்துல அந்தப் பல்லுயிர்த் தலமும் ஒண்ணு. போராடுனது சனந்தான், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா தாள்ல அந்தப் பேரு இருந்தது கைக்கு ஒரு தடி கெடைச்ச கதைதான்.

நம்ம ஊர்க் கண்மாய்க்கு அப்படி ஒரு தாளும் கெடையாது. ‘காஞ்சு கெடக்குற பொறம்போக்கு’ன்னு ஒரு ஆபீசரு எழுதிட்டாப் போச்சு. அதனால சொல்றேன், நாப்பது ஊரு சுத்துறதை விடு. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை இந்த ஒரு கரையில உக்காரு. தேதி போடு, மடையில தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு எழுது. நாமக்கோழி, மடையான், நீர்க்காகம்னு தெனம் பாக்குறதையும் விடாம எழுது. ஒண்ணுமே வரலைன்னா ‘ஒண்ணும் வரல’ன்னு அதையும் எழுது. அந்த வெத்துத் தாளுதான் ஒருநாள் ‘தண்ணி ஏன் வரல’ன்னு கேக்கும். பறவைக் கணக்கு ஏத்துற உங்க ஈ-பேர்டுலயே இந்தக் கண்மாய் பேருல ஏத்திவிடு. உன் பேரும் ஓரத்துல இருந்துட்டுப் போகட்டும், நான் வேண்டாங்கல.

வர்ற பங்குனியில வா. சோறு உங்க அத்தை ஆக்கிப் போடுவா, அயிரை மீன் கெடைச்சா உன் அதிர்ஷ்டம். மறக்காம அந்தப் பைனாகுலரைக் கொண்டா, எனக்கு ஒரு அரைமணி நேரம் வேணும். அக்கரையில கண்மாய்க்குள்ள ராவோட ராவா வேலிக்கல்லு நகந்துக்கிட்டே வருது. எவன் நகட்டுறான்னு இங்கேருந்து என் கண்ணுக்கு எட்டல.