இங்கெல்லாம் அப்படி இல்ல தம்பி

டீ குடித்துவிட்டுப் பையை அப்படியே குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் நூலின் நுனியில் ஆடும் அட்டைத் துண்டைப் பிய்த்துக் காகிதத் தொட்டியில் போட வேண்டும். இலைத்தூள் மக்கும் குப்பைக்கு. நூலைக் கவ்வியிருக்கும் அந்தக் குட்டிப் பின் எங்கே போக வேண்டும் என்பதில் அவருக்கே இரண்டு கருத்து உண்டு. இரண்டையும் சொல்வார். அதற்குள் அடுத்த டீக்கு நேரமாகிவிடும்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு தமிழ்ப் பையனுக்கும் இப்படி ஓர் அண்ணன் எழுதிவைத்திருக்கிறது. மியூனிக்கில் இருப்பவர்களும் தங்கள் அண்ணனை இந்நேரம் அடையாளம் கண்டிருப்பார்கள்.

தயிர் டப்பாவை மஞ்சள் குப்பையில் போட்டால் மட்டும் போதாது. மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை முழுசாகப் பிரித்துத் தனியாகப் போட வேண்டும். ஒட்டியே இருந்தால் தரம்பிரிக்கும் இயந்திரம் ஏமாந்துபோகுமாம். கடை பில் காகிதம்தானே என்று கையை நீட்டினால் மணிக்கட்டைப் பிடித்துவிடுவார்: அது ரசாயனம் பூசிய தாள், மிச்சக் குப்பையில் போடு! எண்ணெய் ஊறிய பீட்சா அட்டையும் அதன் பின்னாலேயே போக வேண்டும். கண்ணாடி பாட்டிலுக்குத் தெருமுனையில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று மூன்று தொட்டிகள். நீல பாட்டில்? பச்சையில். ஞாயிற்றுக்கிழமை? தொடவே கூடாது, விழுகிற சத்தம் தெருவை எழுப்பிவிடும். உடைந்த டம்ளர்? அது அவர் கணக்கில் கண்ணாடியே இல்லை. வேறு வகையாம், பாட்டிலோடு சேர்த்து உருக்கினால் கெட்டதாம்.

விசாரித்துப் பார்த்தேன், சரிதான். அதுதான் எரிச்சலே. மனுஷன் ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லக் கூடாதா?

காலி பாட்டிலை நசுக்கிப் போடு என்று நம் ஊர்த் தண்ணீர் பாட்டிலிலேயே அச்சடித்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் கை தானாக நெரித்துவிட்டது. அண்ணன் முகத்தில் இழவு விழுந்தது. "25 சென்ட் தம்பி! நசுங்கினதை மெஷின் எடுக்காதே!" என்று பிடுங்கி, வாயை வைத்து ஊதி, பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, கடை இயந்திரத்தின் வாயில் திருப்பித் திருப்பிச் செருகினார். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பாட்டில் முன்பணம் திரும்பக் கிடைக்கும் சீட்டை என்னிடமே கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

தேங்காய் மூடியிடம் மட்டும்தான் தோற்றார். மக்கும், ஆனால் எப்போது மக்கும்? அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது அது அவர் பால்கனியில் இருக்கிறது, கொத்தமல்லி முளைத்திருக்கிறது.

குப்பை நீங்கலாக மற்றவையும் உண்டு. இரவு பதினொன்றுக்கு, பனியில், ஒரு சைக்கிள்கூட இல்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்பார். நம்மையும் நிறுத்துவார். குழந்தைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளுமாம். எந்தக் குழந்தை அண்ணே அந்த நேரத்தில்? ஜெர்மன் இளவட்டங்கள் இரண்டு பேர் எங்களைத் தாண்டிக் கடந்துபோனார்கள். அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. "5 யூரோ அபராதம்" என்று என் காதில் மட்டும் முணுமுணுத்தார்.

ஆனால் வீடு மாறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டுமே, அதற்கு அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தவர் இதே அண்ணன்தான். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளை நான் மறப்பேன் என்று தெரிந்து, முந்தின நாளே நகல் எடுத்து வைத்திருந்தார். அவர் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கும் இல்லை, சம்பளமும் இல்லை. இதை நினைத்துத்தான் பல நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

டிராமில் நடந்ததற்கு மட்டும் வாயை மூட முடியாது. விருதுநகரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அவளுக்குக் காது மந்தம், சத்தமாகத்தான் பேச வேண்டும். "சாப்பிட்டியா"வுக்கு நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் முழங்கையால் இடித்தார். "மெதுவா தம்பி. நம்மாளுங்கன்னாலே சத்தம்னு நினைச்சுப்பாங்க." யார் நினைத்துக்கொண்டார்கள்? எதிர் சீட்டுப் பாட்டி நிமிரக்கூட இல்லை. குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துவிட்டேன். அம்மா அன்றைக்கு மறுபடி கூப்பிடவில்லை. அவர்களுக்கு முன்னால் நம்மை நாமே அதட்டிக்கொள்ள யார் அண்ணே உங்களை நியமித்தது? தொட்டி தொட்டியாகப் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள், கற்றுக்கொள்கிறேன். அம்மாவோடு பேசும் குரலைப் பிரிக்காதீர்கள்.

அடுத்த நிறுத்தத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கழுத்துத்துண்டு கட்டிய கால்பந்து ரசிகர்கள் ஒரு பட்டாளமே ஏறியது. பாட்டு, கூச்சல், கூரையில் குத்து. அண்ணன் புன்னகையோடு, "இன்னைக்கு மேட்ச் போல" என்றார். பார்வை மட்டும் அவர்கள் கையிலிருந்த காலி பீர் பாட்டில்கள் மேலேயே இருந்தது. ஒன்றுக்கு 8 சென்ட்.