செக்ரட்டரி சார்

அடுக்ககம் என்று ஒன்று கட்டிவிட்டால் அதற்குச் சம்ப் வேண்டும், மோட்டார் வேண்டும், வாட்ச்மேன் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வேண்டும். இவை மூன்றையும் பற்றி ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கவலைப்பட ஓர் ஆளும் வேண்டும். அவருக்குத்தான் அசோசியேஷன் செக்ரட்டரி என்று பெயர். சம்பளம் கிடையாது, படி கிடையாது. திட்டு உண்டு, அது மட்டும் மாதம் பிறக்கக் காத்திராமல் அன்றன்றைக்கே வந்துவிடும்.

சென்னையில் எந்த ஏரியாவுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்குக் கைலி, பனியன், கையில் சாவிக்கொத்து. பெரும்பாலும் வங்கியிலோ மத்திய அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முப்பத்தைந்து வருஷம் அவருக்குக் கீழே பத்துப் பேர் இருந்தார்கள். ரிட்டயரான மறுநாள் பார்த்தால் கீழே யாருமில்லை. மேலே மட்டும் ஒருவர் இருக்கிறார், அவர் முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்கிறார். அந்தச் சமயம் பார்த்து ஆண்டுப் பொதுக்குழு வருகிறது.

பொதுக்குழு ஞாயிறு காலை பத்து மணிக்கு, கார் பார்க்கிங்கில். எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடு. வருவது ஒன்பது பேர். கொரம் இல்லை என்று கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைப்பார்கள். அந்த அரை மணியில் வடை, காபி. பிறகு அதே ஒன்பது பேர், அதே நாற்காலியில், இப்போது கொரம் ஆகிவிடுவார்கள். பெயின்ட், பார்க்கிங், மாடியில் துணி காயப்போடும் உரிமை என்று இரண்டு மணி நேரம் தொண்டை வறளக் கத்தியவர்கள், 'புதிய செயலாளர் தேர்வு' என்ற அயிட்டம் வந்ததும் மௌன விரதம் பூணுவார்கள். ஒருவர் போனைத் தடவுவார். ஒருவர் எழுந்து போய்த் தன் காரின் டயரை உதைத்துக் காற்று பார்ப்பார். கடைசியில் யாரோ தியாகி மாதிரி சொல்வார்: “சாரே கன்டின்யூ பண்ணட்டுமே. அவரை விட்டா யாரு இருக்கா?”

“இல்லப்பா, எனக்கு பிபி இருக்கு. இந்த வருஷமாவது யங்ஸ்டர்ஸ் யாராவது வரணும்” என்பார் சார். யங்ஸ்டர்ஸ் என்று அவர் சொல்வது ஐம்பத்தெட்டு வயதுக்காரரை. அந்த ஐம்பத்தெட்டு இன்னும் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறுகிறது. சாரின் சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கிறது. வருஷா வருஷம் தேதியை மட்டும் மாற்றுவார்.

இவருடைய ராஜ்ஜியத்தின் தலைநகரம் சம்ப். மோட்டார் ஓடுகிற சத்தத்தை, ஸ்டெதாஸ்கோப் வைத்த டாக்டர் மாதிரி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஏர் பிடிச்சிருக்கு” என்பார். பிளம்பர் வந்து முக்கால் மணி நேரம் கழற்றிப் பார்த்து அதையே சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். 2019 கோடையில் ஊரே குடத்தோடு தெருவில் நின்றபோதுதான் சாரின் முழு உயரத்தைப் பார்த்தோம். தண்ணீர் லாரி தெருமுனை திரும்பும்போதே வாசலில் நிற்பார். பின்பக்க ஏணியில் ஏறி மேல் மூடியைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்ப்பார்.

“நாலு விரக்கடை கம்மியா இருக்கேப்பா?”

“ஸ்பீட் பிரேக்கர்ல தளும்பிடுச்சு சார்.”

“வேளச்சேரி ரோட்ல ஏதுப்பா ஸ்பீட் பிரேக்கர்? எல்லாம் பள்ளம்தானே!”

ஓஸ் பைப்பில் கடைசிச் சொட்டு விழும்வரை நகரமாட்டார். பைப்பைத் தூக்கிப் பிடித்து உதறி, உள்ளே தங்கியிருக்கும் அரைக் குடத்தையும் சம்ப்புக்குள் வடித்துவிட்டுத்தான் சலானில் கையெழுத்து. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தது. ஐம்பது வேகனுக்கு ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று கணக்குப் போட்டுக் குழுவில் செய்தி அனுப்பியவர், கடைசி வரியில், “இதில் நமக்கு ஒரு சொட்டும் வராது. காலை 6–7, மாலை 6–7 என்ற தண்ணீர் நேரத்தில் மாற்றமில்லை” என்று முடித்திருந்தார்.

வாட்ஸ்அப் வந்த பிறகு இவருடைய இலக்கிய வாழ்க்கையும் தொடங்கியது. முன்பெல்லாம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் நோட்டீஸ்தான். யாராவது பேனாவால் மீசை வரைந்துவிடுவார்கள். இப்போது “அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்” என்று ஆரம்பித்து, எல்லா வரியையும் தடித்த எழுத்தில் போட்டு அனுப்புகிறார். எல்லாமே முக்கியம் என்பதால் எதுவும் விடுபடுவதில்லை. போன வாரத்துப் படைப்பு இது: “ஒரு சிலர் பால்கனியிலிருந்து தலைமுடி, கறிவேப்பிலைக் காம்பு முதலியவற்றைக் கீழே போடுகிறார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. பி பிளாக், இரண்டாவது மாடி, தெற்குப் பார்த்த பால்கனி.”

இதற்குப் பன்னிரண்டு பேர் கும்பிடு போடுவார்கள். பி பிளாக் இரண்டாவது மாடியும் கும்பிடு போடும். கலிபோர்னியாவில் இருக்கும் வீட்டுக்காரர், நமக்கு அர்த்தராத்திரியில், “போன மாதம் லிஃப்ட் ஏஎம்சி ஏன் இரண்டாயிரம் கூடியது? பில் ப்ளீஸ்” என்று கேட்பார். அவர் இந்த லிஃப்டில் ஏறியது கிரகப்பிரவேசத்தன்று மட்டும். அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிறார். ஆனால் சாரின் அரசியல் சட்டத்தில் வாடகைக்காரர் பிரஜை இல்லை. மெயின்டனன்ஸ் கட்டலாம், பொதுக்குழுவில் வடைகூடச் சாப்பிடலாம். வாயை வடைக்கு மட்டும்தான் திறக்கலாம்.

லிஃப்டுக்கும் சாருக்கும் நடுவே ஒரு சோகக் கதை உண்டு. 2023 அக்டோபரில் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பத்து வீடு, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு, யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் இருந்த கட்டணம் 5.50 ஆகக் குறைகிறது என்று. பேப்பரில் முதல் வரியைப் படித்து எழுந்தே நின்றுவிட்டார். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் கணக்கிலேயே அடிபட்டுப் போய்விட்டோம் என்பது அவர் மனதில் தங்கவில்லை. பழி முழுவதையும் லிஃப்ட் தலையில் போட்டார். அன்றிலிருந்து அதில் ஏறுகிறவர்களிடம் ஒரு மனத்தாங்கல். “முதல் மாடிக்கு எதுக்கு சார் லிஃப்ட்? நடந்தா முழங்காலுக்கு நல்லது” என்பார், தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

சட்டமும் தெரியும். ஜிஎஸ்டியில் மாத மெயின்டனன்ஸ் வீட்டுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் வரி பற்றிய பேச்சே வரும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எங்கள் மெயின்டனன்ஸை நூறு ரூபாய் ஏற்றவே மூன்று பொதுக்குழு ஆனது, அதனால் ஜிஎஸ்டி எங்களைத் தேடி வர வாய்ப்பில்லை. தமிழ்நாட்டில் 1994-ஆம் வருஷத்து அடுக்ககச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததும் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுவிட்டார். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்கிறது அது. எங்கள் கணக்கில் பதினாறு பேர். கேட்டுக்கு பச்சையா பிரவுனா என்று முடிவெடுக்கவே நாலு மாதம் பிடித்தது. சிமென்ட் கலர் அடித்தார்கள்.

இவருக்கென்று ஓர் எதிர்க்கட்சித் தலைவர் எல்லா அடுக்ககத்திலும் இருப்பார், மூன்றாவது மாடியில். ஓய்வுபெற்ற ஆடிட் ஆசாமி. “ஃபினாயில் ஆறு பாட்டில், வவுச்சர் எங்கே?” என்று ஆரம்பிப்பார். சார் ஃபைலைப் பிரித்து வவுச்சரை எடுத்துக் காட்டுவார். “இதுல ரெவென்யூ ஸ்டாம்ப் இல்லையே?” என்பார் அவர். ஊழல் ஒழிய வேண்டும் என்று இத்தனை வருஷமாகப் போராடுகிறவர், “அப்ப நீங்களே பொறுப்பை எடுத்துக்குங்க” என்றால் மட்டும் மருமகள் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போகப்போவதாகச் சொல்கிறார். அந்தப் பிரசவத்தில் பிறந்த குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு.

வாட்ச்மேன் ஒடிசாவோ பீகாரோ. 1965-ல் கல்லூரி மாணவனாக இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனேன் என்று மார்தட்டும் ஒரு முன்னாள் செக்ரட்டரியை எனக்குத் தெரியும். அவர் இன்று, “பையா, மோட்டார் பந்த் கரோ! டேங்க் ரொம்பிடுச்சு, ஜல்தி!” என்று மாடியிலிருந்து கூவுகிறார். அந்தப் பையன், “ஆஃப் பண்ணிட்டேன் ஐயா” என்று சுத்தத் தமிழில் பதில் சொல்கிறான்.

அக்டோபர் பிறந்தால் சாருக்கு வானிலையாளர் வேடம். 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழியைத் தூர்வார ஆள் கூட்டி வருவார். மணல் மூட்டை அடுக்குவார். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அன்று வீடு வீடாக பெல் அடித்து எல்லாரையும் கிளப்பியவர் இவர்தான். “2015 வெள்ளம் மறந்து போச்சா?” என்று ஒரே கேள்வி. இருபது கார் மேம்பாலத்துக்குப் போனது. அன்று பயந்தபடி மழை கொட்டவில்லை. பார்க்கிங்குக்குத் தண்ணீர் வராததற்கும் சாரைத்தான் திட்டினார்கள்.

இத்தனையும் செய்கிறவர் வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. “ஊர்ல இருக்கிற பைப்பையெல்லாம் பாக்கறார். இதுக்குக் கம்ப்ளெய்ன்ட் புக்ல எழுதித்தான் வைக்கணும் போல” என்றார் மாமி. சார் நிமிர்ந்து பார்த்து, “அது வீட்டு ஓனர் பொறுப்பு. காமன் ஏரியா இல்லை” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை அந்த அம்மாளுக்கே தெரியாது.

சில அடுக்ககங்களில் பெண்கள் செக்ரட்டரியாகிவிட்டார்கள். அங்கே பொதுக்குழு முக்கால் மணியில் முடிகிறது, வடையும் சூடாக இருக்கிறது என்று கேள்வி. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் சாரிடம் எனக்கு உள்ள புகார் நிறைய: மாடிச் சாவியைக் கேட்டால் காரணம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார், விருந்தாளியின் ஸ்கூட்டருக்குப் பூட்டுப் போடுகிறார். ஆனாலும் இருபத்து நான்கு வீட்டில், தன் வீட்டு வாசலுக்கு வெளியே இருப்பதையும் தன்னுடையது என்று நினைக்கிற ஆள் அவர் ஒருவர்தான். மற்ற இருபத்து மூன்று பேருக்கும் அது 'அசோசியேஷன் பாக்கணும்'.

ஆகவே, உங்கள் அடுக்ககத்திலும் பொதுக்குழு வரும், தவறாமல் போங்கள். மெயின்டனன்ஸை ஐந்தாம் தேதிக்குள் ஜிபே செய்து, எந்த வீடு என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வெறும் கட்டைவிரலைப் பார்த்து அவரால் கணக்கெழுத முடியாது. வடை தீர்வதற்குள் போய்விடுங்கள். 'புதிய செயலாளர் தேர்வு' என்று வாசிக்கும்போது மட்டும் தலையை நிமிர்த்தாதீர்கள். இந்த வருஷம் சார் ராஜினாமாக் கடிதத்தில் நிஜமாகவே கையெழுத்துப் போட்டிருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது.