கிறுகியல்: நெய்தல் நிலத்து வீட்டு நெட் வேகம் பற்றிய ஓர் ஆய்வு

கிறுகுதல் என்றால் எங்கள் கரையில் திரும்புதல். சைக்கிள் சந்தியில் கிறுகும்; பின்னாலிருந்து கூப்பிட்டால் ஆள் கிறுகிப் பார்ப்பார். வீட்டுக்கு வீடு நெட் வந்த பிறகு இச்சொல் கலைச்சொல்லாகப் பதவி உயர்வு பெற்றது. "வாப்பா, கிறுகுது!" என்று உள்ளறையிலிருந்து மகன் கத்தினால், எது கிறுகுது, எவடத்தக் கிறுகுது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. திரையின் நடுவில் அந்தச் சின்ன வட்டம் சுழலத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்நிகழ்வை முறைப்படி ஆராயும் துறைக்குக் கிறுகியல் எனப் பெயரிட்டுள்ளேன். துறையில் இதுவரை ஒரே அறிஞன் நான்தான் என்பதால் கருத்து வேறுபாடுகள் இல்லை.

ஆய்வுக்களம் சாய்ந்தமருது, கடலுக்கு நடந்தே போகக்கூடிய ஒரு வீடு. எனவே திணை நெய்தல். நெய்தலுக்குத் தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் சாய்தல். நெட் சாயத் தொடங்குவதும் சரியாக அப்போதுதான். அஸர் தொழுகை முடியும், பிள்ளைகள் ரியூசன் விட்டு வருவார்கள், கடை பூட்டியவர்கள் போனைக் கையிலெடுப்பார்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தெரு முழுக்க ஒரே நேரத்தில் கிறுகும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. நள்ளிரவு யாமமோ குறிஞ்சிக்குரியது, தலைவனும் தலைவியும் கூடும் பொழுது. அந்நேரம் கேட்ட படம் கேட்டவுடன் ஓடிவந்து சேரும்; பார்க்கத்தான் ஆள் விழித்திருக்காது. இத்தோடு ஊரின் பெயரிலேயே மருதம் சாய்ந்து கிடக்கிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். மேற்கே வயல், கிழக்கே கடல். எங்கள் நெட் சில நாள் இரங்க வைப்பதும் சில நாள் காரணமே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் திணைமயக்கம் என்பதே என் துணிபு.

முன்னோர் கொள்கைகளை முதலில் மறுக்க வேண்டும். மூத்தவாப்பா காலத்திலிருந்து ஊரில் நிலவுவது தூரக் கொள்கை: கொழும்பிலிருந்து வருவது எதுவும் பிந்தித்தான் வரும். பேப்பர் அப்படித்தான் வந்தது, மருந்தும் அப்படித்தான். ஆனால் கண்ணாடி நார்க்கேபிளுக்குள் ஒளி ஒரு செக்கனுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகிறது. இரவு பஸ் விடிய விடிய ஓடிக் கடக்கும் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரை அது கடக்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு போதும். தூரத்தின் மேல் பழி போட இடமில்லை. மனக்குறை ஒன்று மட்டும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் தூலோன் வரை 20,000 கிலோமீற்றர் கடலடியில் கிடக்கும் சீ-மீ-வீ 5 கேபிள் மாத்தறையில் கரையேறுகிறது. அதற்கு முந்திய சீ-மீ-வீ 3 கல்கிசையில் ஏறியது. எங்கள் வாசலிலும் கடல்தான் கிடக்கிறது. இங்கே கரையேறும் வலை கரைவலை ஒன்றுதான்.

அடுத்தது எட்டால் வகுக்க மறந்தோர் கொள்கை. விளம்பரப் பலகையில் 100 என்று போட்டிருப்பது மெகாபிட். போனில் படம் இறங்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே நூறு என்பது பன்னிரண்டரை. இதை அறியாமல் என் மச்சான் ஒருவர் கொம்பனிக்காரன் எட்டில் ஏழு பங்கைக் களவெடுக்கிறான் என்று மூன்று மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். ரவுட்டர் எங்கே இருக்கிறது? சோகேஸுக்குள் இருக்கிறது. முன்மண்டபத்தில், தெருச்சுவரோடு ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்ட சோகேஸ். மேல்தட்டில் உம்றா போனபோது வாங்கிவந்த மணிக்கூடு, அதன் கீழே ஒருநாளும் தேநீர் கண்டிராத தேநீர்க் கோப்பைகள், பிளாஸ்டிக் ரோஜா. அவற்றின் நடுவே, மாமி கையால் பின்னிய வெள்ளைப் பூத்துணி போர்த்து, பச்சை விளக்கு மட்டும் துளை வழியே கண்சிமிட்ட, ரவுட்டர். பக்கத்தில் மீன் தொட்டி. மறுபக்கம் இரும்பு அலுமாரி. கம்பியில்லா அலையை மறிக்க ஒரு நிபுணர் குழுவை வைத்துத் திட்டமிட்டாலும் இதைவிடச் செம்மையாக அமைத்திருக்க முடியாது. இரும்பு அலையைத் திருப்பியடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு நீரைச் சூடாக்குவதும் ஏறத்தாழ ரவுட்டரின் அதே 2.4 கிகாஹேட்ஸ் அலையால்தான். மீன்கள் வெந்துவிடுமோ என்று யாரும் பதற வேண்டாம். ரவுட்டர் விடும் சக்தி ஒரு வாட்டில் பத்திலொரு பங்கு அளவுதான், மீன்கள் நலம். படம்தான் வேகவில்லை.

அப்படியானால் எடுத்து வேறிடத்தில் வைத்தால் என்ன என்று வெளியூர் வாசகர் கேட்பார். அவர் எங்கள் கரையை அறியாதவர். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுபவர். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி, இப்பகுதித் தமிழர், முஸ்லிம்களின் தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் ஆராய்ந்து 2008 இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். சீதன வீட்டுச் சோகேஸுக்குள் இருக்கும் ரவுட்டரை நகர்த்தும் உரிமை மருமகனுக்கு உண்டா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. குறை சொல்ல முடியாது, அவர் வந்தபோது ரவுட்டர் இல்லை. நான் எழுப்பினேன். "அது அவடத்தயே இரிக்கட்டும் மருமகன், உப்புக்காத்துப் பட்டா துருப்பிடிச்சிரும்" என்று மாமி சொன்னார். ஆய்வு இரண்டு ஆண்டு தடைப்பட்டது.

இந்த இடைவெளியில் கள உதவியாளராகச் சேர்ந்தான் ஒலுவில் கெம்பஸில் படிக்கும் மருமகன், தங்கச்சி மகன். அவன் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தான். கடைசியில், "மாமா, இந்த அன்டெனாவ ஏன் கட்டில் பக்கமா நீட்டி வச்சிரிக்கீங்க?" என்றான். துவக்கைப் போல, நீட்டிய திசையில்தானே போகும் என்றேன். இல்லையாம். அன்டெனாவைச் சுற்றி அலை உளுந்துவடை வடிவில் பரவும். கம்பியின் நுனி காட்டும் திசை வடையின் ஓட்டை. இத்தனை காலம் என் கட்டிலுக்கு ஓட்டையைத்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு அன்டெனாவையும் நிமிர்த்தினோம்.

பிறகு அவன் போனில் அயல்வீட்டு வைஃபைப் பட்டியலைக் காட்டினான், பத்தொன்பது. எங்கள் ஊரில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் துஆச் சொல்வார்கள். 2.4 இல் ஒன்றோடொன்று இடிபடாத சனல்கள் 1, 6, 11 என மூன்றே. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு ஆறிலேயே குந்தியிருந்தது. நாங்கள் பதினொன்றுக்குக் குடிபெயர்ந்தோம். 5 கிகாஹேட்ஸில் சனல் நிறைய, நெரிசல் குறைவு, ஆனால் அது சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும் சாதி.

கொம்பனிக்குப் போன் எடுக்கவில்லையா என்றால், எடுத்தோம். பெயர் வேண்டாம். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பின் ஒரு பிள்ளை வந்து, "சேர், ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க" என்றது. இதைச் சிரித்துத் தள்ளுவோர் உண்டு, நான் தள்ளமாட்டேன். நினைவில் சேர்ந்த குப்பையைக் கொட்டிவிட்டு ரவுட்டர் புதிதாய் எழும்பும். சிலது காலியான சனலையும் தேடிப் பிடிக்கும். 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் நாடு முழுக்க எல்லா ரவுட்டர்களும் இந்தச் சிகிச்சையைத் தவறாமல் பெற்றன. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுவதையும் ஓஃப் பண்ணியது. குரங்கின் பங்களிப்பைத் தனிக் கட்டுரையாக எழுதும் எண்ணம் உண்டு.

முடிவில் சோகேஸைத் திறந்தது அறிவியல் அல்ல, கட்டார். அங்கே இருக்கும் மகளோடு மாமி வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, பேரப்பிள்ளை முதன்முதலாக எழும்பி நின்றது. இரண்டாம் அடியைத் தூக்கியது. அந்தத் தூக்கிய காலோடு படம் உறைந்து, நடுவில் வட்டம் கிறுகியது. வட்டம் போய்ப் படம் வந்தபோது பிள்ளை குந்தியிருந்தது.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சுபஹுக்குப் பிறகு அவரே ரவுட்டரைத் தூக்கிவந்து, மண்டபத்துக்கும் குசினிக்கும் இடைப்பட்ட நடைக்கு மேலே, வீட்டின் நட்டநடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வைக்கச் சொன்னார். நானும் மருமகனும் ஆணியடித்துப் பலகை பொருத்தினோம். உள்ளறையில் 6 காட்டிய மெகாபிட் 31 காட்டியது. எற்பாட்டில் இன்னும் கொஞ்சம் கிறுகத்தான் செய்கிறது. அது ஊர் முழுக்க ஒரு சிக்னல் கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ளும் பிரச்சினை, அதற்குப் பலகை அடிக்க முடியாது.

பின்னல் துணியும் ரவுட்டரோடு இடம்பெயர்ந்தது. துணி அலையை மறிக்காது, ஆனால் சூட்டை வெளியே விடாது என்று விளக்கினேன். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் போகுமுன் அதைக் கழற்றி மடித்து வைக்கிறேன். நான் பள்ளியால் வருவதற்குள் மாமி அதைக் கழுவிக் காயவைத்துத் திரும்பவும் போர்த்திவிடுகிறார்.