ஜன்னல் இல்லாமல் ஒரு படம்

புரதத்தைத் திரையில் உருட்டி விளையாடுவது ஆராய்ச்சி மாணவருக்கு மிச்சமிருந்த ஒரே பொழுதுபோக்கு. அதிலும் மண் விழுந்துவிட்டது. புரதங்களைப் படமாக்கும் பைமால் மென்பொருளை ‘மைனஸ் சி’ என்ற கொசுறோடு கட்டளை வரியில் அழைத்தால் ஜன்னலே திறக்காது. ஸ்கிரிப்டைப் படித்து, ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு, பிஎன்ஜி கோப்பை வைத்துவிட்டுப் போய்விடும். கிராபிக்ஸ் கார்டுகூடக் கேட்காது. நூறு புரதமா? ஒரு லூப் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

சிக்கல் பேராசிரியர் வடிவில் வரும். “ஹீமோகுளோபினைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புப்பா” என்பார். மவுஸில் இழுத்தால் நொடி வேலை. ஸ்கிரிப்டிலோ பார்வைக் கோணம் என்பது 18 எண்கள். அத்தனையும் தசமப் புள்ளிக்குப் பின்னே வால் நீண்டவை. ‘கொஞ்சம்’ எந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கிறார்கள். மவுஸால் திருப்பி, அந்த 18 எண்களையும் நகலெடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டுகிறார்கள். ஆய்வுக் கட்டுரையில் மட்டும், ‘படங்கள் முழுவதும் தானியங்கி முறையில் உருவாக்கப்பட்டன.’

நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை. பின்னணியை வெள்ளையாக்கும் வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். பைமாலின் இயல்பு நிறம் கறுப்பு.