அந்த வீட்டு டம்ளர்

வேதியியலில் பி.எஸ்சி. முடித்த கையோடு 1994இல் சிகந்தராபாத்துக்கு ரயிலேறினேன். போவன்பள்ளியில் அத்தை வீடு. பக்கத்திலேயே ஒரு சிறிய பெஸ்ட் கன்ட்ரோல் கடையில் வேலை கிடைத்தது. என்ன படித்திருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். மறுநாளே ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிவிட்டார்கள்.

முதல் வேலை கரையானுக்கு. ஒரு பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருந்த வீடு. கதவு நிலையைத் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். கடையிலிருந்து என்னோடு வந்த மூத்த அண்ணன் ஒருவர் ஆல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லி டப்பாவைத் திறந்தார். அளப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. "அம்மா, ஒக கிளாஸ் இவ்வண்டி" என்று உள்ளே குரல் கொடுத்தார். எவர்சில்வர் டம்ளர் வந்தது. அதில் அளந்து பக்கெட்டில் ஊற்றிக் குச்சியால் கலக்கினோம். குச்சி நழுவி உள்ளே விழுந்தது. நான் கையை முழங்கைவரை விட்டு எடுத்தேன். தண்ணீர் பாலைப் போல வெளுத்திருந்தது.

வேலை முடிந்ததும் டம்ளரைக் குழாயடியில் அலசிக் கொடுத்தேன். பாட்டி முந்தானையால் துடைத்து, அதிலேயே எனக்கு டீ ஊற்றித் தந்தார். வாங்கிக் குடித்தேன். இரவெல்லாம் தலைவலி, குமட்டல். "பழகிடும் தம்பி" என்றார் அண்ணன். எனக்கு மறுநாள் சரியாகிவிட்டது. அந்த டம்ளர் அடுக்களை அலமாரிக்குத் திரும்பிப் போனதே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. அந்தப் பிள்ளைகள் அதில் பால் குடித்திருப்பார்கள்.

1996இல் ஆல்ட்ரினை அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டு பி.எச்.சி. பூச்சிப்பொடியும் போயிற்று. எங்கள் கடையில் டப்பா மாறியது, வேலை செய்த விதம் மாறவில்லை.

சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்று 2010இல் உரிமத்துக்கு அலைந்தபோதுதான் விதி என்னவென்று தெரிந்துகொண்டேன். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971ஆம் ஆண்டின் விதிகள். விண்ணப்பிப்பவர் வேளாண்மைப் பட்டதாரியாக இருக்க வேண்டும், அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரியாக இருக்க வேண்டும். அதோடு குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்ற சான்றிதழும் வேண்டும். மைசூரு, ஹாப்பூர், ஹைதராபாத் ஆகிய ஊர்களில் பயிற்சி தரும் மூன்று நிறுவனங்களை விதியே குறிப்பிடுகிறது. பதினாறு ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த என் பட்டம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அவற்றில் ஒன்றான, ஹைதராபாத் ராஜேந்திரநகரில் இருக்கும் தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனத்துக்குப் போனேன். 1966இல் தாவரப் பாதுகாப்புப் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய இடம். 2008இல்தான் இப்போதைய பெயர் வந்தது. அங்கே இந்தச் சட்டம் பிறந்த கதையைக் கேட்டேன். 1958இல் கேரளத்தில் கோதுமை மாவு தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மாவு மூட்டைகளோடு ஒரே கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் வந்திருக்கிறது. அது கசிந்து மாவில் கலந்துவிட்டது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, பத்து ஆண்டு கழித்துச் சட்டம் வந்தது. சுற்றிலும் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. கப்பலில் நடந்ததைத்தான் நான் அந்த டம்ளரில் செய்திருக்கிறேன்.

டப்பாவின் மேல் இருக்கும் வண்ண முக்கோணத்தை அதுவரை நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை இருந்தாலும் அது நஞ்சுதான், வீரியம்தான் குறைவு. எழுத்து தெரியாதவர்கள்கூட நிறத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். பதினாறு ஆண்டுகளில் எனக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நானும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பயிற்சியில் முதலில் பூச்சியைப் படித்தோம், ரசாயனம் பிறகுதான் வந்தது. போவன்பள்ளிக்குப் பக்கத்தில் பேகம்பேட்டையில் ரொனால்ட் ராஸ் நினைவுக் கட்டடம் இருக்கிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றைக் கீறி அதற்குள் மலேரியா ஒட்டுண்ணி இருப்பதை அவர் கண்டுபிடித்தது சிகந்தராபாத்தில்தான். அந்தக் கட்டடத்தைத் தாண்டி எத்தனையோ முறை சைக்கிளில் போயிருக்கிறேன். அவர் கொசுவை உற்றுப் பார்த்தார். நாங்கள் பார்க்காமலே அடித்தோம். இப்போது மழைக்காலத்தில் கொசுவுக்கு யாராவது கூப்பிட்டால் முதலில் ஏர்கூலரையும் தண்ணீர் டிரம்மையும் பூந்தொட்டித் தட்டையும் பார்க்கிறேன். வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துக் காயவைத்தாலே பாதித் தொல்லை ஒழிந்துவிடும். அதற்கு நான் பணம் வாங்குவதில்லை.

கரையான் வேலைக்கும் இப்போது கணக்கு உண்டு. 20 சதவீதக் குளோர்பைரிபாஸ் என்ற கரையான் நஞ்சு 1 லிட்டர் என்றால் தண்ணீர் 19 லிட்டர். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒரு துளை. தொடங்குமுன் வீட்டில் கர்ப்பிணி உண்டா, ஆஸ்துமா உண்டா, மீன் தொட்டி உண்டா என்று கேட்டுவிடுவேன்.

உரிமம் ஃப்ரேம் போட்டு என் கடைச் சுவரில் தொங்குகிறது. பட்டமும் பயிற்சியும் உரிமம் வாங்குகிற ஆளிடம்தான் கேட்கப்படுகின்றன. டிரில்லைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குனிந்து உட்காருகிற பையனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் நஞ்சு படுவது அவன் கையில். 1994இல் அந்தக் கை என்னுடையது. அதனால் என்னிடம் புதிதாகச் சேருகிற யாரையும் முதல் வாரம் ஸ்பிரேயரைத் தொட விடுவதில்லை. முக்கோணம், கையுறை, அளவு, மிச்சத்தைப் பூட்டி வைப்பது என்று பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்த எல்லாவற்றையும் அவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். இன்னொன்றும் சொல்வேன். தமிழில் மருந்து, தெலுங்கில் மந்து. காய்ச்சலுக்கும் அதே சொல், கரையானுக்கும் அதே சொல். வீட்டுக்காரர்களிடம் அந்தச் சொல் வேண்டாம், விஷம் என்றே சொல்லுங்கள் என்பேன்.

போன மாதம் பழைய போவன்பள்ளியில் ஒரு வீடு. புதுப் பையன் பக்கெட்டை இறக்கிவைத்தான். வீட்டம்மா உள்ளே போய், "மந்து கலபடானிக்கா?" என்று கேட்டபடி ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினார். நான் வாய் திறக்குமுன் அவன் கையுறை போட்ட கையை உயர்த்தினான். "வத்தம்மா, இதி விஷம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து எங்கள் அளவு ஜாடியை எடுத்தான்.