ஆறடி நிலம்: மேற்கு மாம்பலத்து ஹால் ஒன்றில் கினெக்ட் கருவி குறித்து நிகழ்த்திய முதற்கட்ட ஆய்வு

மனிதனுக்கு ஆறடி நிலம் அவன் காலம் முடிந்த பிறகுதான் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். உயிரோடும் ஓரளவு உடல்நலத்தோடும் இருக்கும்போதே, அதுவும் குடியிருக்கும் ஹாலில், அந்த ஆறடியைக் கேட்ட முதல் பொருள் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை கினெக்ட்தான். எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியோடு இணைக்கும் கேமரா அது. கையில் எதையும் பிடிக்காமல் உடம்பை ஆட்டியே விளையாடலாம். ஒருவர் ஆட ஆறடி தள்ளி நிற்க வேண்டும், இருவர் ஆட எட்டடி, நடுவில் ஒரு பொருளும் இருக்கலாகாது என்று கூசாமல் கேட்கிறது. அக்கருவி எதை எப்படிப் பார்க்கிறது என்று ஆராய்ந்தவர் பலர். அது பார்ப்பதற்கு முன் வீட்டில் என்னென்ன நகர வேண்டும் என்று ஆராய்ந்தவர் என் கண்ணில் படவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

ஆய்வுக் காலம் 2010 டிசம்பர் கடைசி வாரம் முதல் 2011 பொங்கல் வரை. கட்டுரை இவ்வளவு தாமதமாக வெளிவருவது ஏனெனின், குறிப்பெழுதிய நோட்டு நகர்த்திய பொருள் ஒன்றின் அடியில் போய்விட்டது, அண்மையில்தான் கிடைத்தது. களம், இரண்டாம் மாடி வாடகை வீட்டின் ஹால். வீட்டுக்காரர் வாக்குப்படி 14 அடிக்கு 10 அடி. டேப் வைத்து அளந்தபோது நீளத்தில் எட்டு அங்குலம் குறைந்தது. அகலத்தை அளக்கவில்லை, மனம் வரவில்லை.

கருவியைக் கொண்டுவந்தவர் என் மச்சினர். நியூஜெர்சியில் 149 டாலர் 99 சென்ட் கொடுத்து வாங்கி, பாதாம் டப்பாக்களுக்கு நடுவே பத்திரமாக வைத்து, விளையாட்டுப் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. ஆகவே ரிச்சி தெருவுக்குப் போய் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கினேன். இரண்டு செங்கல்லை அடுக்கிய பருமன். ஐந்து கிலோ இருக்கும். காலி இடம் கேட்டு வந்த கருவியின் பொருட்டு வீட்டில் முதலில் நிகழ்ந்தது, இருந்த காலி இடமும் குறைந்ததே என்பதை ஆய்வாளர்கள் குறித்துக்கொள்க.

முன்னோர் முயற்சிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். 2003-இல் சோனி நிறுவனம் ஐடாய் என்ற கேமராவை வெளியிட்டது. அதில் ஓர் ஆட்டம், திரையில் தெரியும் அழுக்குக் கண்ணாடியைக் கையை ஆட்டித் துடைப்பது. ஜன்னலைத் துடை என்றால் காது கேளாத பிள்ளைகள் காசு கொடுத்து அதைச் செய்தார்கள். 2006-இல் நின்டெண்டோவின் வீ வந்தது. அதில் கையில் ஒரு குச்சியைப் பிடித்து வீச வேண்டும். குச்சி பறந்துவிடாமல் மணிக்கட்டில் மாட்டும் கயிறு அறுந்துபோகிறது என்று அந்த டிசம்பரிலேயே 32 லட்சம் கயிறுகளை மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. கையில் எதையுமே கொடுக்காவிட்டால் எதுவும் பறக்காது என்பது அடுத்த கட்டச் சிந்தனை. 2009 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் இ3 கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட் அதை அறிவித்தபோது வைத்த பெயர் ‘புராஜெக்ட் நேட்டால்’. திட்டத்தின் மூளையான அலெக்ஸ் கிப்மன் பிரேசில்காரர். நேட்டால் அந்நாட்டுக் கடலோர நகரம். நம்மவர் யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ‘புராஜெக்ட் கும்பகோணம்’ வந்திருக்கும். நேட்டால் என்ற போர்த்துக்கீசியச் சொல்லுக்குக் கிறிஸ்துமஸ் என்றும் பொருள். இலங்கைத் தமிழர் ‘நத்தார்’ என்பது அதைத்தான். கருவி எங்கள் வீட்டுக்கு நத்தார் வாரத்தில் வந்தது தற்செயல் என்று என் மச்சினர் சொல்கிறார். ஆய்வாளர் தற்செயலை ஏற்பதில்லை.

இனிக் கருவியின் உருவம். ஒரு முழத்துக்கும் குறைவான கறுப்புப் பட்டை, கீழே ஒரு பாதம். உள்ளே ஒரு மோட்டார் இருப்பதால் தலையை மேலும் கீழும் தானே ஆட்டும். ஷோகேஸில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டன. முகத்தில் மூன்று கண்கள். ஒன்று வண்ணக் கேமரா. இன்னொன்று அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் கேமரா. மூன்றாவது பார்ப்பதே இல்லை, ஒளியை உமிழ்கிறது. முக்கண்ணில் ஒன்றின் வேலை பார்ப்பதன்று என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் இந்தக் கண் எரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுவதும் தெளிக்கிறது. சுவர் மேலும் சோபா மேலும் ஆள் மேலும் விழும் புள்ளிகள் தூரத்துக்கு ஏற்பச் சற்று இடம் பெயர்ந்து தெரியும். எவ்வளவு பெயர்ந்தன என்று கணக்குப் போட்டு, எது கிட்ட, எது எட்ட என்று விநாடிக்கு 30 முறை படம் வரைகிறது. இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனம் கண்ட உத்தி இது. அந்த மார்கழியில் விடியற்காலை வாசலில் என் மனைவி புள்ளிக்கோலம் போட்டாள். பிற்பகலில் உள்ளே இது போட்டது. வாசல் கோலத்தை மிதித்தால் திட்டு. இதை மிதித்தால்தான் ஆட்டமே. ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் இந்தப் புள்ளிகள் கரைந்துவிடும் என்பதால் திரைச்சீலையை இழுத்துவிட்டோம். பட்டப்பகலில் இழுத்து மூடிய வீட்டுக்குள்ளிருந்து தொம் தொம்மென்று சத்தம் வந்தால் எதிர்வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தொல்காப்பிய நெறி நின்று இந்த ஆட்டத்துக்குத் திணை வகுக்கலாம். ஐந்திணையில் அடங்காததால் ‘கூடம்’ என்று தனித்திணையே கொள்கிறேன். நிலம், ஹாலும் ஹால் சார்ந்த இடமும். ஹால் சார்ந்த இடம் என்றது நகர்த்திய பொருள்கள் போய்ச் சேரும் படுக்கையறையை. பெரும்பொழுது அரையாண்டு விடுமுறை. சிறுபொழுது என் மாமியார் கண்ணயரும் பிற்பகல் 2 மணி முதல் 3.30 வரை, மின்வெட்டு நீங்கலாக. கருப்பொருள் டீப்பாய், திவான், சைக்கிள், இஸ்திரி மேஜை. பறை, கீழ்வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பால் தம் கூரையைத் தட்டும் ஓசை. உரிப்பொருள், இடித்தலும் இடித்தல் நிமித்தமும். இடித்தல் என்றது முழங்காலை டீப்பாயில். நிமித்தம் என்றது மனைவி அதற்கு முன் சொன்னதையும் பின் சொன்னதையும்.

ஆய்வின் உயிர்நிலை இனி வருவது. டிவி இருந்த சுவருக்கும் சோபாவின் விளிம்புக்கும் இடையே முதல் நாள் இருந்த தூரம் 4 அடி 2 அங்குலம். அந்த இடைவெளியிலும் டீப்பாய். ஹால் என்பது நடுவே இடம் விட்டுச் சுற்றிலும் பொருள் வைக்கும் அறை என்று கட்டடம் கட்டுவோர் நினைக்கிறார்கள். குடியிருப்போர் வழக்கில், வேறெந்த அறையிலும் வைக்க முடியாதவற்றை வைக்கும் அறையே ஹால். டீப்பாயைத் தூக்கித் திவான் மேல் வைத்தோம். திவானில் மாமியார் படுப்பார் என்பதால் டீப்பாயை இறக்கிப் படுக்கையறைக் கட்டிலில் வைத்தோம். கட்டிலில் குவிந்திருந்த காய்ந்த துணி சோபாவுக்கு வந்தது. சோபாவை இரண்டடி பின்னால் தள்ள, அது சைக்கிளை முட்டியது. சைக்கிளைப் பால்கனியில் விட, அங்கிருந்த வாஷிங் மிஷினின் கதவு திறக்கவில்லை. ஆகவே துவைக்க வேண்டிய துணியும் சோபாவுக்கே வந்தது. இதனால் பெறப்படும் விதி: ஒரு வீட்டிலுள்ள பொருள்களின் மொத்தப் பருமன் மாறுவதில்லை, எங்கே தள்ளினாலும் அது சோபாவின் மேல் வந்து சேரும்.

சோபா இருந்த இடத்தில் கிடைத்தவை தனியாகத் தொல்லியல் ஆய்வுக்கு உரியவை. மகளின் ஒற்றைக் கொலுசு, 2007-ஆம் வருஷத்து நாள்காட்டித் தாள், நான் எடுக்கவே இல்லை என்று மூன்று வருஷம் சாதித்த நகவெட்டி. மூன்றாவது பொருளின் காலக் கணிப்பு அன்றிரவு வெகுநேரம் நடந்தது.

கடைசியில் கிடைத்த வெற்றிடம் 6 அடி 2 அங்குலம். ஒருவருக்குப் போதும். இரண்டாமவருக்கு எட்டடி வேண்டுமெனில், அவர் சமையலறை வாசற்படியில் நிற்க வேண்டும். இந்த அளவு பின்னால் பயன்படும்.

ஆளைக் கருவி எப்படி அறிகிறது? கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உடம்பின் 31 பாகங்களில் எதைச் சேர்ந்தது என்று ஊகிக்கக் கணினியைப் பழக்கினார்கள். அதிலிருந்து 20 மூட்டுகள் கொண்ட ஓர் எலும்புக்கூடு உருவாகிறது. மணிக்கட்டுக்கு அப்பால் கை என்று ஒரே மூட்டு. விரல்கள் கணக்கில் இல்லை. பரதம் பயிலும் என் மகள் பதாகம், மயூரம், கர்த்தரீமுகம் மூன்றையும் பிடித்துக் காட்டினாள். மூன்றும் ஒன்றே என்று கொண்டது அத்வைதக் கருவி. வேட்டி பற்றி ஒரு சொல். வேட்டி கட்டியவனுக்கு இரண்டு கால் உண்டு என்பதை உலகம் நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தூரத்தை அளந்து பார்க்கும் கருவிக்கு அந்தக் கடமை கிடையாது. மடித்துக் கட்டியதும் கால்கள் இரண்டாயின.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்யில் படுவதே மெய்ப்பாடு எனின், மெய்யை அளக்கும் கருவிக்கு அவை புலப்பட வேண்டுமன்றோ எனின், வேண்டாம். அதற்கு இருபது மூட்டு போதும். எட்டும் புலப்படுவது சுற்றி நிற்பவர்களுக்கு. பொத்தான் இல்லாததால் எதையும் தேர்ந்தெடுக்கக் கையை உயர்த்தி, திரையில் ஒரு வட்டம் நிறையும்வரை அசையாமல் வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அபய முத்திரை. மடித்துக் கட்டிய வேட்டியும் பனியனுமாக நான் டிவிக்கு அருள்பாலித்துக்கொண்டிருந்ததை, கேபிள் காசு வாங்க வந்த பையன் வாசலில் நின்று பார்த்தான். “அடுத்த வாரம் வரேன் சார்” என்று போய்விட்டான். இது மருட்கை.

கருவியோடு ‘கினெக்ட் அட்வென்சர்ஸ்’ என்ற ஆட்டத்தட்டு ஒன்று வரும். அதில் ‘20,000 லீக்ஸ்’ என்றோர் ஆட்டம். கடலுக்கடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. மீன்கள் முட்டி முட்டி விரிசல் விழும், தண்ணீர் பீறிடும். கை, கால், தலை எல்லாவற்றாலும் ஓட்டைகளை அடைக்க வேண்டும். என் மகன் நான்கு ஓட்டைகளை ஏககாலத்தில் அடைத்தான். குளியலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது, வாஷர் ஒன்று வாங்கிவா என்று இவனிடம்தான் சொல்லியிருந்தேன். வெகுளி.

இன்னோர் ஆட்டத்தில் ஆற்று வெள்ளத்தில் ரப்பர்ப் படகு. சாய்ந்தால் படகு சாயும், குதித்தால் குதிக்கும். நடுவில் வேறொருவர் வந்து நின்றால் அவரும் ஆட்டத்தில் சேரலாம் என்பது சிறப்பு விதி. நான் குதித்துக்கொண்டிருந்த சத்தத்தில் மாமியார் விழித்துக்கொண்டார். காப்பி டம்ளரோடு சமையலறை வாசற்படியில் நின்றார். எட்டடி. நேரே என்னிடம் கேட்பது அவர் வழக்கமில்லை. “ஏண்டி, மாப்பிள்ளைக்கு உடம்புல எறும்பு ஏறிடுத்தா?” என்று தம் மகளைக் கேட்டார். அதற்குள் திரையில் படகில் இரண்டாவது ஆள் ஏறியாயிற்று. டம்ளரைக் கீழே வைக்க அவர் சாய, படகும் சாய்ந்தது. விஷயம் புரிந்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குதிக்காமலே, சாய்ந்து சாய்ந்தே படகைக் கரைசேர்த்தார். ஆட்டத்தின் நடுவே கருவி தானாகவே போட்டோ எடுத்து முடிவில் காட்டும். ஒன்றில் என் இரண்டு கால்களும் தரையில் இல்லை. முகத்தில் அச்சமும் இளிவரலும் ஒருங்கே இருந்தன. அதே படத்தில் பின்னால் நிற்கும் மாமியாரிடம் பெருமிதம். பறை முழங்கியது, கீழ்வீட்டுக்காரர்.

கருவியால் வேறு காரியங்கள் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2010 நவம்பர் 4 அன்று விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவில் 10-ஆம் தேதி. அன்றே ஸ்பெயின்காரர் ஹெக்டர் மார்ட்டின் அதைச் சாதாரணக் கணினியோடு பேசவைத்து, அதற்கென அறிவித்திருந்த 3,000 டாலர் பரிசை வென்றார். நாங்கள் சோபாவை நகர்த்தினோம். முதல் 60 நாளில் 80 லட்சம் கருவிகள் விற்றன. மிக விரைவாக விற்ற நுகர்வோர் மின்னணுப் பொருள் என்று கின்னஸ் பதிவு செய்தது. கருவிக்கு ஒரு சோபா என்று குறைத்துக் கணக்கிட்டாலும், இரண்டே மாதத்தில் உலகெங்கும் 80 லட்சம் சோபாக்கள் இடம் பெயர்ந்திருக்க வேண்டும். இதைக் கின்னஸ் பதிவு செய்யவில்லை.

தயாரிப்பை 2017 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆறடி அவ்வளவு நாள் தாங்கவில்லை. பொங்கலுக்கு ஊரிலிருந்து புது அரிசி இரண்டு மூட்டை வந்தது. வைக்க வீட்டில் வேறு இடமில்லை. கருவி பரணில் இருக்கிறது, தலையாட்டுவதில்லை.

ஆய்வுக்குப் பயன்பட்ட ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் மட்டும் இன்னும் ஹாலில் டீப்பாய்க்கு அடியில் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ளது. தேவைப்படும் வாசகர்கள் நேரில் வந்து இலவசமாகத் தூக்கிக்கொண்டு போகலாம். பிற்பகல் 3.30-க்கு மேல் வரவும்.