தரச்சான்று பெற்ற கோழிக்கூண்டு

பிள்ளைப்பாக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது ஒரு குவாலிட்டி இன்ஜினியர் மேல்தான் விழும். தப்பிப் பக்கத்தில் விழுந்தால் அவர் புரொடக்‌ஷன். ஒருபக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஒருபக்கம் ஒரகடம், ஊருக்குள்ளேயே ஒரு சிப்காட். இப்படிப்பட்ட இடத்தில் நாலைந்து நாட்டுக்கோழிக்குக் கூண்டு கட்டுவது லேசில் முடிகிற வேலையில்லை. அம்மா கேட்டது ராத்திரியில் அடைத்து வைக்க ஓர் இடம், அவ்வளவுதான். என் மச்சினன் காதில் விழும்படி கேட்டதுதான் வினை.

அவன் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிசைன் பிரிவு. அன்றிரவே ஆட்டோகேடில் வரைபடம் தயார். கதவு இடுக்குக்கு அரை மில்லிமீட்டர் டாலரன்ஸ் போட்டிருந்தான்.

“கோழிக்கு எதுக்குடா டாலரன்ஸ்?”

“கோழிக்கு இல்ல மாமா, கீரிக்கு.”

நியாயம்தான். ஏரிக்கரைப் புதரிலிருந்து வரும் கீரிதான் எங்கள் ஊர்க் கோழிகளுக்கு ஆடிட்டர். முன்னறிவிப்பு கிடையாது, டீ பிஸ்கட்டுக்கு மசியாது. கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் போட்ட மெல்லிய கம்பிவலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே வருகிறவரை ஒன்றும் கேட்காது. அதனால் அரை அங்குலக் கட்டம் போட்ட வெல்டு மெஷ் வாங்கினோம். அதைத் தரையோடு வெட்டாமல், வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண்ணுக்குள் புதைத்தோம். கீரி கூண்டை ஒட்டித்தான் தோண்டும். ஓரடி தள்ளி நின்று தோண்டலாமே என்ற யோசனை அதற்கு வராது. நான் பார்த்த ஆடிட்டர்களும் அப்படித்தான்.

மரத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. ஒரகடம் சாலையில் காயலான் கடைகளுக்கு முன்னால் பேலட்கள் மலைபோலக் கிடக்கும். கொரியா, ஜப்பான், ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களைச் சுமந்து வந்து வேலை முடிந்ததும் ஓய்வுபெற்ற பைன் மரங்கள். பேரம் பேசுவதற்கு முன் முத்திரையைப் பார்க்க வேண்டும். கோதுமைக் கதிர் படம், நாட்டின் இரண்டெழுத்து, கூடவே ஹெச்டி அல்லது எம்பி என்று சுட்டிருப்பார்கள். மரத்துக்குள் ஒளிந்து பூச்சிகள் நாடு தாண்டக்கூடாது என்பதற்காக 2002இல் வந்த சர்வதேச விதி அது. ஹெச்டி என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடேற்றி 30 நிமிடம் வைத்தது. எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. கோழி எதையும் கொத்தும், எம்பி வேண்டாம். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மே மாதத்தில் சிப்காட் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவன் கொஞ்சம் குறைந்த சூட்டில், ஆனால் அதைவிட அதிக நேரம் வேகிறான். அவனுக்கு யாரும் முத்திரை குத்துவதில்லை.

ஒரு பலகையில் கொரிய எழுத்தில் ஏதோ கொட்டை எழுத்தாக அச்சிட்டிருந்தது. மச்சினனுக்குப் பிடித்துப்போய், கதவுக்கு மேலே பெயர்ப்பலகையாக அடித்துவிட்டான்.

கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்வது. மாமனாரின் வாஸ்துவும் அதையே சொன்னதில் வீட்டில் அமைதி நிலவியது. கூரைக்குத் தகர ஷீட், கோழி வெந்துவிடாமலிருக்க அதன்மேல் தென்னங்கீற்று. தரைக்கு உமி.

உள்ளமைப்பில்தான் மச்சினன் தன் கைவரிசையைக் காட்டினான். இரண்டு தட்டு: கீழே குஞ்சுகள், மேலே பெரியவர்கள். கோழி கிடைப்பதிலேயே உயரமான இடம் பார்த்துத்தான் உறங்கும். முட்டைப்பெட்டி உயரத்தில் இருந்தால் அதிலேயே படுத்து அதையே நாசம் செய்துவிடும். ஆகவே பெட்டிகளைத் தாழ்த்தி, உட்காரும் கழியை உயர்த்தினான். பெட்டி மூன்று. முட்டையிட வந்த அத்தனை கோழியும், எல்லாக் கவுண்டரும் திறந்திருக்க ஒன்றிலேயே முட்டிக்கொள்ளும் டோல்கேட் லாரிகள் மாதிரி, ஒரே பெட்டிக்கு வரிசை கட்டின. மற்ற இரண்டிலும் பிளாஸ்டிக் முட்டை வைத்து ஆசைகாட்டினான். எட்டிப் பார்த்துவிட்டு வரிசைக்கே திரும்பின.

சேவலுக்கு மட்டும் எந்த வரைபடமும் செல்லுபடியாகவில்லை. இந்தப் பக்கம் வானம் ராத்திரியிலும் கம்பெனி வெளிச்சத்தில் வெளுத்தே கிடக்கும். அதனால்தான் மூன்றரைக்கே கூவுகிறது என்று ஜன்னலுக்குத் திரை போட்டோம். மூன்றரைக்கே கூவியது. விடியலுக்கு முந்திய கூவலை வெளிச்சமல்ல, சேவலின் உடலுக்குள் ஓடும் கடிகாரமே நடத்துகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டியிருக்கிறார்கள். கூட்டத்தில் உச்சப் பதவியில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை பதவி வரிசைப்படி பின்தொடரும் என்பது 2015இல் வந்த அடுத்த ஆய்வு. திங்கட்கிழமை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவைப்பட்டிருக்காது. பக்கத்து வீட்டு ஆயா மட்டும் சேவலுக்குக் கட்சி. அவர் பேரன் முதல் ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிடுவது நின்றுவிட்டதாம்.

பொங்கலுக்கு என் நண்பன் தன் கொரிய மேனேஜரைச் சாப்பிட அழைத்து வந்தான். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவர் கூண்டின் முன்னால் நின்று சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. பெயர்ப்பலகையைக் காட்டி நண்பனிடம் ஏதோ சொல்ல, அவன் மொழிபெயர்த்தான்: “இரண்டு தட்டாக அடுக்கக் கூடாது.”

அம்மா மச்சினனைப் பார்த்தார். “நான் சொன்னா கேக்கல. அந்த ஊர்லேர்ந்தே எழுதி அனுப்பியிருக்காங்க, பாரு.”

“அது பெட்டிக்குச் சொன்னது அத்தை, கோழிக்கு இல்ல” என்று சாம்பார் ஆறும்வரை வாதாடினான்.

மறுநாள் பலகையைக் கழற்றித் திருப்பி அடித்துவிட்டான். வரைபடத்தில் இப்போது ‘ரிவிஷன் பி’ என்று இருக்கிறது. மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், ‘வாடிக்கையாளர் புகார்’.